பேராசிரியர் பெயரைப் போட்டால் கொசு வந்த கதை

நூலக வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பகுப்பு, பட்டியல், தரவுத்தளம் என்று எல்லாவற்றையும் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒன்றை மட்டும் சொல்லியிருக்க மாட்டார்கள். பல்கலைக்கழகத்தில் புதுத் தேடுபெட்டி ஒன்றைத் திறந்து வைத்தால், ஒரு பேராசிரியர் அதில் முதலில் எதைத் தேடுவார்? தன் பாடத்தை என்று நினைத்தீர்களானால் நீங்கள் இன்னும் சின்னப் பிள்ளைகள். தன் பெயரைத்தான் தேடுவார். இயற்பியல்காரரும் தேடுவார், தத்துவத்துறைக்காரரும் தேடுவார். தத்துவத்துறைக்காரர் மட்டும் சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தேடுவார்.

இதை எனக்குச் சொன்னவர், நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த பெரிய நூலகர். அது அட்டை இழுப்பறைக் காலம். புது இழுப்பறைகள் வந்து இறங்கிய அன்று பேராசிரியர்கள் பார்வையிட வந்தார்கள். "யார் எந்த எழுத்தை இழுக்கறாங்கன்னு பாரும்மா" என்று என் காதில் சொன்னார். ஒவ்வொருவரும் பராக்குப் பார்ப்பதுபோல் நடந்துபோய்த் தன் பெயரின் முதலெழுத்தை இழுத்தார்கள். நான் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். அதை வெறும் சிரிப்பு என்று நினைத்துப் பல வருஷம் ஓட்டிவிட்டேன். அது பாடம் என்று உறைத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை, மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி உட்கார்ந்த பிறகு.

விஷயம் இதுதான். அடையாறு ஆற்றங்கரைப் பக்கம் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெரிய ஆன்லைன் கலைக்களஞ்சியத் தொகுப்பை ட்ரையலுக்குக் கொடுத்திருந்தார்கள். அகராதி, கலைக்களஞ்சியம், கையேடு என்று அத்தனையும் ஒரே இடத்தில். தனியாக ஒரு லிங்க் கொடுத்தால் மாணவர்கள் சீண்ட மாட்டார்கள். ஆகவே நூலகத்தின் தேடுபெட்டிக்குள்ளேயே அதைக் கொண்டுவருவது என்று முடிவு செய்தோம். பையன் வந்து ஒரு சொல்லைத் தட்டினால் நம் புத்தகங்களோடு சேர்ந்து கலைக்களஞ்சியக் கட்டுரைகளும் வரும். ட்ரையல் முடியும்போது நூலகக் கமிட்டி கூடி, வேண்டும் என்று சொன்னால் சந்தா கட்டுவோம். வேண்டாம் என்றால் கடையைக் கட்டுவோம்.

இந்த இணைப்பு வேலை முழுவதையும் செய்தவள் ஸ்டெல்லா. கான்ட்ராக்டில் வந்த பெண். பட்டினப்பாக்கத்தில் வீடு, அம்மா மேரி மீன் விற்பவர். அவளுடைய கான்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. புதிய தொகுப்பைக் கமிட்டி ஏற்றுக்கொண்டால் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று எழுதி ஸ்டெல்லாவை வேலையில் வைத்துக்கொள்ளலாம். ஏற்காவிட்டால் அவள் அசோக் நகரில் ஒரு துணிக்கடைக்கு பில் போடப் போகவேண்டியதுதான். அவள் சித்தப்பா அங்கே சொல்லிவைத்துவிட்டார். ஸ்டெல்லா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க எங்கள் அறையில் இருந்த காலண்டரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன்.

கமிட்டித் தலைவர் பேராசிரியர் சௌந்தரராஜன். விலங்கியல் துறை, மயிலாப்பூர்வாசி, தடித்தடியாகப் பாடப்புத்தகங்கள் எழுதியவர். இந்த ஆன்லைன் சமாச்சாரம் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. முதல் கூட்டத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கலைக்களஞ்சியம்னா அலமாரியில வரிசையா நிக்கணும். எடுத்தா கை வலிக்கணும். நீங்க சொல்றது எங்கேம்மா இருக்கு?"

"கிளவுடுல இருக்கு சார்."

"மேகத்துலயா. மழை பேஞ்சா கரைஞ்சுடுமோன்னோ" என்று சொல்லிவிட்டு, தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். ஆனாலும் தொடக்கவிழாவுக்கு அவரைத்தான் கூப்பிட வேண்டும். அவர் கையால் முதல் சொல்லைத் தட்ட வேண்டும். அதுதான் முறை.

நம் ஊரில் எதற்கும் ஒரு பூஜை உண்டல்லவா. தேடுபெட்டிக்கும் உண்டு. குத்துவிளக்கு, லாப்டாப் மூடிக்குச் சந்தனம் குங்குமம், ஓர் எலுமிச்சம்பழம். பதினொரு மணிக்கு விழா என்று அழைப்பிதழ் அடித்தாயிற்று. முந்தின நாள் மாலை பேராசிரியர் வீட்டிலிருந்து போன். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் முடிக்க வேண்டும் என்று. விழாவை முன்னால் இழுத்தோம். காலையில் உட்கார்ந்து நிதானமாகச் சோதித்துப் பார்ப்பதற்கு என்று ஒதுக்கியிருந்த நேரம் அப்படிப் பறிபோனது.

அதற்கு முன்னால் சோதிக்கவில்லையா என்று கேட்பீர்கள். சோதித்தோம், நூலகர்கள் சோதிக்கிற மாதிரி. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ராசியான சொல் உண்டு. எந்தப் புதுத் தேடல் வந்தாலும் முதலில் அந்தச் சொல்லைத்தான் போட்டுப் பார்ப்போம். என்னுடையது தேங்காய். ரெஃபரன்ஸ் மேசைக்காரர் நீரிழிவு என்று போடுவார், அவருக்கு அது இருந்தது. ஸ்டெல்லா போடுவது சுறா. தேங்காய் அமோகமாக வந்தது. நீரிழிவு வந்தது. சுறாவுக்கு வண்டி வண்டியாக வந்தது. மூவரும் முகமெல்லாம் பல்லாக வீட்டுக்குப் போனோம். ஒருவருக்கும் ஒரு மனிதரின் பெயரைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

ரயில் கிரீன்வேஸ் ரோடு தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியது. ஆற்றின் வாசனை குப்பென்று ஜன்னலில் வந்தது. அந்த நேரம் பார்த்து அந்தப் பழைய பெரிய நூலகரின் முகமும், இழுப்பறையை இழுத்த பேராசிரியர்களும் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஸ்டெல்லாவுக்கு போன் போட்டேன். அவள் விழா ஹாலில் லாப்டாப் முன்னால் இருந்தாள்.

"ஸ்டெல்லா, சௌந்தரராஜன் சார் பேரைப் போட்டுப் பாத்தியா?"

"இன்னாத்துக்கு மேடம்?"

"போடு சொல்றேன். இனிஷியலோட போடு."

தட்டும் சத்தம் கேட்டது. 

"மேடம், கொசு வருது."

"ஆத்தங்கரையில கொசு வராம என்ன வரும். ஃபேனைப் போட்டுக்கோ."

"ஐயோ, ரூம்ல இல்ல மேடம். சார் பேரைப் போட்டா மொத ரிசல்ட்டே கொசு. கொசுன்னு கட்டுரை. படத்தோட கீது. சாரோட புக்கெல்லாம் அதுக்குக் கீழ கீது."

எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் உரக்கச் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. ட்ரையல் காலத்தில் நாலு பேர் கண்ணில் படட்டும் என்று புதுத் தொகுப்பின் கட்டுரைகளை மேலே தூக்கிக் காட்டும்படி நாங்கள்தான் வைத்திருந்தோம். இப்போது அது கமிட்டித் தலைவரின் தலைக்கு மேல் ஒரு கொசுவைக் கொண்டுவந்து உட்கார்த்திவிட்டது.

"மேடம், ஒரு நிமிஷ வேலை. அவரு பேருக்கு மட்டும் அவரு புக்கை மேல வெச்சுக் கட்டிடட்டா?"

செய்யலாம். அந்த வசதி எல்லாத் தேடுபெட்டியிலும் இருக்கிறது, நீங்களும் ஒருநாள் பார்ப்பீர்கள். எனக்கும் சபலம் தட்டியது. ஆனால் அவர் ஒருவருக்கு மாற்றி வைத்தால் அடுத்த வாரம் மற்ற பேராசிரியர்கள் எல்லாரும் என் அறை வாசலில் நிற்பார்கள். அதைவிட முக்கியம், தேடுகிறவருக்கு நாம் காட்டுவது நிஜமாக இருக்க வேண்டும். அதில் ஒருதடவை கை வைத்துவிட்டால் பிறகு நமக்கே நம் பெட்டியின் மேல் நம்பிக்கை இருக்காது.

"வேணாம்மா. கை வைக்காதே."

"மேடம், என் வேலை மேடம்." அந்த மாதம் முழுக்க அவள் சொல்லாததை அந்த ஒரு தடவைதான் சொன்னாள்.

"உன் வேலைக்காகத்தான் சொல்றேன். பின்னாடி தெரிஞ்சா வேலையும் போகும், பேரும் போகும். பெட்டியில 'காலநிலை மாற்றம்'னு முன்னாடியே அடிச்சு வை. அவர் என்டர் தட்டினா போதும்."

நல்ல யோசனை என்று எனக்கே ஒரு பெருமிதம். கொசு ஏன் வருகிறது என்று கட்டுரையைத் திறந்து பார்க்க மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை. அதற்குள் விருந்தினர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

விழா தொடங்கியது. கடவுள் வாழ்த்து, குத்துவிளக்கு, பொன்னாடை. பதிவாளர் பேசினார். துறைத்தலைவர்கள் முன்வரிசையில், மாணவர்கள் பின்வரிசையில். வாசலில் சமோசா வாசனை வந்துகொண்டிருந்தது. சௌந்தரராஜன் சார் லாப்டாப் அருகே வந்தார். 'காலநிலை மாற்றம்' என்ற சொற்கள் திரையில் பெரிதாக நின்றன. அவர் கண்ணாடியைச் சரிசெய்து அதைப் படித்தார். பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவர் சபையை ஒருமுறை பார்த்துவிட்டு, "சும்மா ஒரு சோதனைக்கு" என்று சொல்லி, இனிஷியலோடு தன் பெயரைத் தட்டினார்.

ஹாலின் சுவர் முழுக்கக் கொசு. ரத்தம் குடித்து வயிறு சிவந்த கொசு, ஒரு மனிதக் கையில் உட்கார்ந்த நிலையில், நெருக்கத்தில் எடுத்த படம். அதற்கு மேலே பெட்டியில் பேராசிரியரின் திருநாமம்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. "மச்சி, சாரோட வாட்ஸ்அப் டிபி சூப்பர்டா."

ஹால் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு துறைத்தலைவர் இருமுவதுபோல் குனிந்துகொண்டார். சௌந்தரராஜன் சாரின் காது இரண்டும் சிவந்துவிட்டன. பதிவாளர் என் பக்கம் சாய்ந்து, "ஆஃப் பண்ணச் சொல்லுங்கம்மா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. நான் ஸ்டெல்லாவைப் பார்த்து, மூடு என்று கையால் காட்டினேன்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பேராசிரியர் பக்கத்திலிருந்து கையை நீட்டி, அந்தக் கொசுவின் மேல் க்ளிக் செய்தாள்.

கட்டுரை திறந்தது. தேடிய சொல் எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் நிறுத்தும் பழக்கம் அந்தத் தொகுப்புக்கு உண்டு. பக்கம் சரசரவென்று கீழே ஓடியது. இனங்கள், வாழ்க்கைச் சுழற்சி, நோய்கள் எல்லாவற்றையும் தாண்டி, கடைசியில் மேலும் படிக்க வேண்டியவை என்று இருந்த இடத்தில் போய் நின்றது. அங்கே மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு பெயர். பேராசிரியரின் பெயர். பக்கத்தில் ஆற்று முகத்துவாரக் கொசுப்புழுக்களைப் பற்றிய ஒரு கட்டுரையின் தலைப்பு.

நம் பழைய பெட்டி புத்தகத்தின் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் மட்டும் பார்க்கும். புதியது ஒவ்வொரு கட்டுரைக்குள்ளும் புகுந்து கடைசி வரிவரை பார்த்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. சௌந்தரராஜன் சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். திரைக்கு மிக அருகே நடந்துபோய் நின்றார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அவர் பெயர் அவர் சட்டைமேலேயே விழுந்தது.

"இது நான் கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினது" என்றார்.

அந்தத் தலைப்பை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இதோ, இந்த ஆத்துலதான். முழங்கால் சேத்துல நின்னுண்டு புழு புடிச்சேன். கொசு சௌந்தர்னு கூப்பிடுவா எல்லாரும். பொண்ணு பார்க்கப் போன இடத்துல அந்தப் பேர் தெரிஞ்சுடப்போறதேன்னு ஆராய்ச்சியையே மாத்திண்டேன். ஒருத்தரும் அதைப் படிக்கலைன்னுதான் இத்தனை வருஷமா நெனச்சுண்டிருந்தேன்." குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மனிதர் மைக்கைப் பிடித்தார், விடவில்லை. கொசுவின் பிறப்பு, வளர்ப்பு, குணம், கோபம், எந்தக் கொசு எந்தத் தண்ணீரில் முட்டையிடும், எது காதருகே பாடும், எது பாடாமல் கடிக்கும் என்று ஆரம்பித்து ராகுகாலத்துக்குள் நுழைந்து வெகுதூரம் போய்விட்டார். நினைவூட்ட ஒருவருக்கும் தைரியம் இல்லை. டீ ஆறிப்போனது. டிபி என்று கத்திய பையன் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டான், நிஜமான சந்தேகம். சார் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பதில் சொன்னார். நடுவில் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு போன் செய்தார். "ஏண்டி, நம்மாத்துல நெட் வேலை செய்யறதோ?" என்று சபை முழுக்கக் கேட்டது.

எல்லாரும் போன பிறகு, சந்தனம் ஒட்டிய லாப்டாப்பைத் துடைத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "மூடுன்னு சொன்னேனே, எதுக்கும்மா திறந்தே?"

"மூடியிருந்தா என் கதை அங்கேயே முடிஞ்சுபோயிருக்கும் மேடம். உள்ள இன்னாவோ ஒண்ணு கீது, கொசு சும்மா வந்திருக்காதுன்னு தோணிச்சு" என்றாள். அதைச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். நானும் ஆரம்பித்தேன். ரெஃபரன்ஸ் மேசைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து, விஷயம் கேட்காமலேயே சேர்ந்து சிரித்தார். ஆறிப்போன சமோசாவை அவ்வளவு ருசியாக நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் இல்லை.

இதில் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். தேடல் எதையாவது கொண்டுவந்து போட்டால் அதற்குக் காரணம் இருக்கும். மானம் போகிறதே என்று மூடுவதற்கு முன் திறந்து பாருங்கள். இத்தனை வருஷம் வேலை பார்த்த எனக்கு அந்த நொடியில் அது தோன்றவில்லை. கான்ட்ராக்டில் இருந்த பெண்ணுக்குத் தோன்றியது. இழக்க அதிகம் இருந்ததும் அவளுக்குத்தான்.

அதற்குப் பிறகு எங்கள் நூலகத்தைக் கொசு பிடித்தது. சார் தினமும் அந்தக் கட்டுரையைத் திறந்தார். துறைக்கு வந்தவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினார். ஒருநாள் அவர் மனைவி எனக்கு போன் செய்தார்.

"ஏம்மா, நீங்கதான் அவருக்கு அந்தக் கொசுவைக் காட்டினதா? ஆத்துக்கு வர்றவாளுக்கெல்லாம் காப்பி குடுக்கறதுக்கு முன்னாடி அதைக் காட்டிண்டிருக்கார். நேத்து கேஸ் சிலிண்டர் போட வந்தவனையும் விடலை."

மன்னிப்புக் கேட்டேன். "கேக்காதேங்கோ. மனுஷர் இப்படி உற்சாகமா இருந்து எத்தனை நாளாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மற்றப் பேராசிரியர்கள் ஒவ்வொருவராக ஸ்டெல்லாவிடம் வந்தார்கள். புத்தகம் திருப்ப வந்ததுபோல் வந்து, மெதுவாக, "என் பேரைக் கொஞ்சம் போட்டுப் பாரேன்மா" என்றார்கள். சிலருக்கு வந்தது. வராதவர்களிடம் அவள், "அடுத்த அப்டேட்ல பாப்போம் சார்" என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினாள்.

ட்ரையல் முடிந்து கமிட்டி கூடியது. எந்தக் கட்டுரை அதிகம் படிக்கப்பட்டது என்ற அறிக்கையில் முதலிடம் கொசு. இரண்டாமிடம் கண்ணுக்கெட்டாத தூரத்தில். நான் அறிக்கையை இரண்டு விதமாகத் தயாரித்திருந்தேன், கொசுவோடு ஒன்று, கொசுவை நீக்கி ஒன்று. ஒருவருடைய ஆசையை எல்லாருடைய தேவையாகக் காட்டக்கூடாது என்பதால். நல்லவேளை, கொசு இல்லாமலும் எண்ணிக்கை கௌரவமாகவே இருந்தது. அன்றைக்கு ஹாலில் சிரித்த மாணவர்கள் கொசுவைப் பார்க்க வந்து, அப்படியே மற்றதையும் பார்க்கப் பழகியிருந்தார்கள்.

சௌந்தரராஜன் சார் முதல் அறிக்கையைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"கொசு விஷயத்துல பசங்களுக்கு இத்தனை ஆர்வம் இருக்கறச்சே நிறுத்தறது நியாயமா?"

மேசையைச் சுற்றி எல்லாருக்கும் யார் அந்தப் பசங்கள் என்று தெரியும். நான் இரண்டாவது அறிக்கையை நகர்த்தினேன். அதையும் முழுக்கப் படித்தார். "இதுவும் தேவலையே" என்றார் கொஞ்சம் ஏமாற்றத்தோடு. சந்தாவுக்குக் கையெழுத்துப் போட்டார். கூடவே, இதைப் பார்த்துக்கொள்ள அந்தப் பெண்ணே இருக்கட்டும் என்று தன் கையாலேயே எழுதினார். பிற்பாடு அவள் வேலை நிரந்தரமானதற்கு அந்த வரிதான் பிள்ளையார் சுழி.

வேலைக்கான ஆர்டர் வந்த அன்று மாலை ஸ்டெல்லா என்னைப் பட்டினப்பாக்கத்துக்கு அழைத்துப் போனாள். மேரியம்மா கூடையை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மீன் வாசனையோடு அந்தக் கை கொஞ்ச நேரம் விடவே இல்லை.

"கொசு கடிச்சுப் படுத்தவன் கீறான், வேலைக்குப் போவாம கெட்டவன் கீறான். கொசுவைக் காட்டி வேலை வாங்கினவ என் பொண்ணுதான் மேடம். இன்னா சொல்ற?"

வஞ்சிரம் ஒன்றைச் சுற்றிக் கையில் திணித்துவிட்டார். மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பில் சைவர்கள் மத்தியில் அதை நான் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்பது வேறு கதை.

நான் ஓய்வு பெற்றாயிற்று. இன்று உங்கள் தேடுபெட்டியைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி அந்த ஸ்டெல்லாதான். புதிதாக எதை இணைத்தாலும் அவள் முதலில் மூன்று தேடல் செய்து பார்க்கச் சொல்வாள் என்று கேள்விப்பட்டேன். சுறாவுக்கு நிறைய வர வேண்டும். சௌந்தரராஜன் சார் பெயருக்குக் கொசு வர வேண்டும். மூன்றாவது என் பெயராம். போன வாரம் போனில் கேட்டேன், என் பெயருக்கு என்னம்மா வர வேண்டும் என்று.

"ஒண்ணுமே வரக்கூடாது மேடம். நீங்க ஒரு வரி கூட எழுதினதில்லையே. முடிவுகள் இல்லைன்னு வரணும். வேற ஏதாச்சும் வந்தா சிஸ்டத்துல கோளாறுன்னு அர்த்தம்."

இத்தனை வருஷம் மற்றவர்கள் பெயரைத் தேடினால் கிடைக்கும்படி செய்ததற்கு எனக்குக் கிடைத்த இடம் அது. போனை வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். கொஞ்சம் வலிக்கவும் செய்தது, பொய் சொல்வானேன். அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதினேன்.

நம் நூலக மலரில் இது அச்சாகும். அச்சானதை ஸ்டெல்லா முறைப்படி பெட்டியில் ஏற்றியாக வேண்டும், அது அவள் வேலை. அப்புறம் என் பெயரைத் தட்டினால் ஒரே ஒரு முடிவு வரும். திறந்து பார்த்தால் உள்ளே கொசு இருக்கும். ஸ்டெல்லா சோதனைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.